பதின்மூன்றாவது வளைவு

சியாக் ஆறு படிக்கட்டை விழுங்கியிருந்த மாதம் அது.
என் கணவர் வான் ஜொஹாரி
டச்சுக்காரன் எழுதிய கடற்கொள்ளைக் கதையொன்றை
மலாய்க்கு மாற்றிக்கொண்டிருந்தார்.
பக்கத்துக்கு ஆறு சென்.
மண்ணெண்ணெய் எங்கள் செலவு.

எழுதியவன் இந்தக் கரையில் கால் வைத்ததே இல்லையாம்.
பதிப்பாளர் அதைப் பெருமையாகவே
கடிதத்தில் குறித்திருந்தார்.

நான் பாக்கு வெட்டுவேன், அவர் வாய்விட்டுப் படிப்பார்.
நாற்பத்தோராம் பக்கத்தில் கிரிஸ் வந்தது.
வரும்போதே சீறியது.
நஞ்சு சொட்டச் சொட்ட நெளிந்து
ஒரு மாலுமியின் விலாவைத் தேடிப் போனது.
அதைப் பிடித்திருந்தவனுக்குப் பெயரில்லை,
'மலாய்க்காரன்', பக்கத்துக்குப் பக்கம் 'மலாய்க்காரன்'.
கிரிஸுக்கு மட்டும் ஒரு பெயர் வைத்திருந்தான்,
எந்த மொழியிலும் இல்லாத பெயர்.

"நஞ்சா?" என்றேன்.
"அப்படித்தான் போட்டிருக்கிறான்."

முஹர்ரம் பிறந்தால் நாங்கள் அதைக் கழுவுவது
இளநீரில், பிறகு எலுமிச்சைச் சாற்றில்.
பாக்குவெட்டி கீறிய விரலில் சாறு பட்டால்
எரியும்தான்.
அந்த எரிச்சலை ரோட்டர்டாம் வரை ஊதிக்கொண்டு போனால்
அங்கே ஒரு மாலுமி செத்தாலும் சாகலாம்.
அவர் சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரைப் பார்ப்பதற்கு முன்பே
அந்தக் கிரிஸை எனக்குத் தெரியும்.
கல்யாணத்தன்று அவர் பெங்காலிஸில்
டைஃபாய்டில் கிடந்தார்.
நாள் குறித்தாயிற்று, ஆடும் அறுத்தாயிற்று.
மாமா ஒருவர் படகேறி வந்து
மஞ்சள் பட்டு விரித்த மேடையில்
என் பக்கத்துத் தலையணையில் கிரிஸைச் சாய்த்தார்.
ஊர் வந்து அரிசி தூவியது,
எனக்கும், உறைக்குள் இருந்த இரும்புக்கும்.

கடைக்கண்ணால் பார்த்தேன்.
தலை கவிழ்ந்து, கைகளால் தன்னையே கட்டிக்கொண்டு
குந்தியிருக்கும் ஆள்போல ஒரு கைப்பிடி.
அந்த வடிவத்துக்கு எங்களூரில்
'காய்ச்சல்கண்ட ஜாவாக்காரன்' என்று பெயர்.
பெங்காலிஸில் நடுங்குகிறவரை
அன்றைக்கே பார்த்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
அது சீறவில்லை.
அந்தக் கூட்டத்தில் என்ன செய்வதென்று
எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

எண்பத்தெட்டாம் பக்கத்தில் சண்டை வந்தது,
கதைக்குள் அல்ல, எங்களுக்குள்.
'பன்னிரண்டு வளைவுகொண்ட அலகு' என்று
எழுதி மையை ஊதினார்.
"இரட்டைப்படையில் எந்தக் கொல்லன் அடிப்பான்?"
"அவன் எழுதியதை நான் மாற்றக் கூடாது."
"நஞ்சை விட்டேன். சீறலை விட்டேன்.
இதை விட மாட்டேன்."
அலமாரியில் சேலைத்துணிகளுக்கு அடியிலிருந்து எடுத்து
உறையை உருவி
விளக்கடியில் இருவரும் எண்ணினோம்,
விரல் படாமல், உதடு மட்டும் அசைய.
பதின்மூன்று.
அவர் ஒன்றும் பேசவில்லை. அடித்து எழுதினார்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகத்தில்
அந்த ஒரு வளைவு எங்கள் கைக்காசு.

ஒன்பது மாதம் கழித்துக் கட்டு வந்து சேர்ந்தது.
அட்டையில், பத்தாவியாவில் யாரோ வரைந்தபடி,
சட்டையில்லாத ஒருவன் கிரிஸைப் பல்லில் கவ்விக்கொண்டு
கப்பல் கயிற்றில் ஏறுகிறான்.
எண்ணிப் பார்த்தேன். எட்டு.

மறுநாள் சமையலறையில் அகப்பையைக் காணவில்லை.
கொய்யா மரத்தின் பாதியில் தார்மிஸி,
எங்கள் மூத்தவன், சட்டையில்லாமல்.
கீழே மேய்ந்த கோழிகளெல்லாம் மாலுமிகள்.
"யாரடா அது மேலே?" என்று கத்தினேன்.
அகப்பையை வாயிலிருந்து எடுத்து
"மலாய்க்காரன்!" என்றான்.
உடனே மறுபடி கவ்விக்கொண்டான்.

"எந்த மலாய்க்காரன்? பெயரென்ன? யார் மகன்?"

கண்ணை உருட்டினான்.
வாய் நிறைய அகப்பை.
இலைகளில் மழை விழ ஆரம்பித்தது,
கோழிகள் வீட்டுக்கடியில் ஓடின.
நான் நனைந்துகொண்டே நின்றேன்,
அவன் பதில் சொல்லட்டும் என்று.